பத்தாயிரமாவது கிலோமீட்டர்

உடலும் இயந்திரமும் ஒன்றாகிக் காலத்தையே வெல்லும் தவத்துக்குப் பெயர்தான் சைக்கிள் ஓட்டுதல். பன்னீர்செல்வம் இப்படித் தன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மறுநாள் ஞாயிறு காலை ஏழேகாலுக்குத் திருவிடந்தையில், ஈசிஆர் சாலை ஓரத்தில், அவருடைய பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது.

உட்காரக் கூடாத நாள் அது. நாவலூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் துணைத் தலைவரான அவர், இரண்டரை வருடத்தில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டியிருப்பதாக சைக்கிள் குழுவின் செயலி சொன்னது. இன்றைய பயணத்தில் பத்தாயிரம் தாண்டிவிடும். மாமல்லபுரத்தில் மாலை, கேடயம், ஒலிபெருக்கி எல்லாம் தயார். அவர் ஓட்டி இதுவரை யாரும் பார்த்ததில்லை. "காலங்காத்தால, தனியா. எனக்கு அதுதான் பிடிக்கும்" என்பார்.

இன்று கூட வந்தவள் சுஷ்மிதா. அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவள். வழி நெடுக அவரை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதே. இது ஜெர்மன் டயர். பஞ்சரே ஆகாது" என்றார் பன்னீர்செல்வம், பஞ்சரான வண்டியைத் தள்ளியபடி.

பஞ்சர் கடை அமிர்தவல்லியுடையது. அவள் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது.

"முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. பாம்பு கடிச்சாப்ல ரெண்டு ஓட்டை. காத்து கம்மியா வச்சிக்கினு ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்துனியா சார்? ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூபு மாட்டிக்கினு கடிபட்டுடும்."

"அடிச்ச காத்து அப்படியே இருக்கு. நான் காத்தைத் தொடவே இல்லை."

"அதத்தான் சொல்றேன். தொடாம வுட்டா டியூபு காத்து தன்னால எறங்கிடும். எத்தினி மாசம் ஆச்சு அடிச்சு?"

பன்னீர்செல்வம் கடலை நோக்கித் திரும்பினார். கடல் அங்கிருந்து தெரியாது.

"ஆன்ட்டி, இந்த டயர் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, தெரியுமா?" என்றாள் சுஷ்மிதா பெருமையாக.

அமிர்தவல்லி டயரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு சுஷ்மிதாவை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இங்க வா கண்ணு. புது டயர்ல முடியாட்டம் ரப்பர் நீட்டிக்கினு இருக்கும். ரோட்ல நாலு நாள் ஓட்னா நடுவுல இருக்கிறது பூடும். இதுல பாரு, நடுவுலயே கொத்து கொத்தா கீது. சின்னக் கொழந்த தலையாட்டம்." விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "இந்த ஒரு எடத்துல மட்டும் வெடிப்பு. பால்கனி வெயில்ல ஒரே எடமா நின்னுகினு இருந்த வண்டி சார் இது. ஓடித் தேயல. நின்னு வெடிச்சிருக்கு."

சுஷ்மிதாவின் கையிலிருந்த போன் கீழே இறங்கியது. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஜெர்மன் ரப்பரே வேற" என்றார் பன்னீர்செல்வம். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளூர் ரப்பராக இருந்தது.

"ஓடுன டயர் எப்டி இருக்கும்னு பாக்கணும்னா எங்க ஏசுபாதம் டயரப் பாரு. கோவளத்துலேர்ந்து தினம் நாவலூருக்கு சைக்கிள்ல மீன் எடுத்துக்கினு போறான். மொட்டத் தலையாட்டம் வழவழன்னு கீது."

அப்போது போன் அடித்தது. மாமல்லபுரத்தில் மாலையோடு காத்திருந்த ஷ்யாம்.

"சுஷ், சார் எங்கே? வரவேற்புக்காக எல்லாரோட இருப்பிடத்தையும் செயலியில பார்த்துட்டிருக்கேன். உன் புள்ளி திருவிடந்தையில நிக்குது. சாரோடது படூர் தாண்டி நாவலூர்கிட்ட போயிட்டிருக்கு."

"சார் என் முன்னாடி நிக்கிறார்டா."

"இல்லையே. மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகம். அதோ, நாவலூருக்குள்ள திரும்பிட்டார்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சுஷ்மிதா அவரைத் தொட்டுப் பார்க்காத குறை. டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அமிர்தவல்லி மட்டும் தலை நிமிராமல் சொன்னாள்:

"அய்யே! அந்தப் போன் குடுத்த சார் நீங்கதானா? ஏசுபாதம் மீன் பொட்டியில ஒண்ணு வச்சிருக்கான். மீனு கெடாம போவுதான்னு ஆபீஸ்ல ஆராய்ச்சி பண்றாங்களாம். ரெண்டர வருசமா சார்ஜ் போட்டுப் போட்டு எட்த்துனு போறான் பாவம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, மீனு ஜாஸ்தி, கரெக்டா போயிருப்பான்."

பன்னீர்செல்வம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"சார்..." என்றாள் சுஷ்மிதா.

"சுஷ், சார் அவரோட அபார்ட்மென்ட் வாசல்லயே நின்னுட்டார்" என்றது போன். "எல்லாரும் கைதட்டுங்கப்பா!"

மாமல்லபுரத்தில் கைதட்டல் கேட்டது. காலை ஏழு நாற்பத்தெட்டுக்கு, திருவிடந்தை பஞ்சர் கடை முக்காலியில் உட்கார்ந்தபடி, பன்னீர்செல்வம் பத்தாயிரமாவது கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார்.