மாவு மாத்திரைத் தெரு

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ரத்தக்காரி என்றுதான் பேர். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் இப்படி ஒரு பேரை வாங்கிக்கொண்டு நிற்கிறாளே என்று பரிதாபப்படாதீர்கள். ஊசியும் கண்ணாடிக் குழாயுமாகப் படியேறி வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? "ரத்தக்காரி வர்றா, கையை ஒளிச்சு வச்சுக்கோங்க!" என்று மேல்மாடியிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைப்பாள்.

அவள் வேலை இதுதான். துணி ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்தத் தெருக்களில் பெண்களுக்கு எப்போது பார்த்தாலும் அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ரத்தம் ரொம்பவே குறைந்திருந்தவர்களை நேராக மருத்துவமனைக்கு அனுப்பியாகிவிட்டது. மிச்சப் பேருக்கு, பல்கலைக்கழகத்தில் புதிதாகச் செய்திருக்கும் ஒரு சத்து மாத்திரை உதவுமா, உதவாதா? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. வீட்டிலோ வேலையிலோ கூட இருப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, அதில் யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். நிறம், ருசி, பாட்டில் எல்லாம் ஒன்றுதான். வாங்குகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிற ரத்தக்காரிக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மாத்திரையின் லட்சணம் தெரிந்துவிடும்.

மாதம் தவறாமல் வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணுவாள். இதுபோன்ற ஆய்வுகளில் மாத்திரையைச் சன்னல் வழியாக வீசுகிறவர்கள் உண்டு, மறந்தே போகிறவர்கள் உண்டு. இங்கே ஒரு வீட்டில்கூட எண்ணிக்கை பிசகியதில்லை. "என் பொம்பளைங்க மாதிரி நாணயமானவங்க உலகத்துலயே கிடையாது மேடம்" என்று பேராசிரியையிடம் பீற்றிக்கொள்வாள். பேராசிரியையும் மெச்சிக்கொள்வாள்.

பாதி வழியில் ஒரு தடவை இரு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அதைச் செய்கிறவர் துறையின் புள்ளியியல் நிபுணர். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் புள்ளிக்காரர். அவர் தன் அறைக்கு இருவரையும் கூப்பிட்டு, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கே இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

"ரெண்டு கூட்டத்துலயும் ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு. ஏறினதும் ஒரே அளவு. வித்தியாசம்னு சொல்ல ஒண்ணுமே இல்ல" என்றார்.

ரத்தக்காரி திரையையே பார்த்து முழித்தாள். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

"எதுக்கு இப்படி முழிக்கிற? பலன் இல்லன்னு தெரிஞ்சா அதுவும் ஒரு முடிவுதான். மிச்ச மாசத்தையும் முடிச்சு, அதையே எழுதிக் குடு. பட்டம் வந்துடும். சுகாதாரத் துறைக்காரங்க நம்ம முடிவுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க. மாத்திரையை மூட்டை கட்டிடுவாங்க, அவ்வளவுதான்."

பட்டம் வரும் என்று கேட்டால் யாருக்கும் இனிக்கத்தானே செய்யும்! உதவித்தொகை இந்த வருடத்தோடு முடிகிறது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளைப் பிடுங்கித் தின்றது. மாவு தின்றவளுக்கு எப்படி ரத்தம் ஏறும்?

பதில் அடுத்த வாரமே கிடைத்தது. தண்ணீர்த் தொட்டித் தெருவில், மூன்றாம் மாடியில், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் குழாயடியில் தொடங்கித் துணிக்கொடி வரைக்கும் எல்லாவற்றிலும் சண்டை. இருவரும் ஆய்வில் இருந்தார்கள். அன்றைக்கு ரத்தக்காரி சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு பாட்டில் மாத்திரையும் குவியலாகக் கிடக்கிறது. பெரியவள் அதைக் கையால் அளைந்து, சீட்டு விளையாடுகிறவள் மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? பங்கு போடுறோம்" என்றாள் பெரியவள் நிதானமாக.

"பங்கா? எதுக்குப் பங்கு?"

"கையெழுத்து வாங்கும்போது நீதானேம்மா சொன்ன? ரெண்டுல ஒண்ணு மாவா இருக்கும், எதுன்னு உனக்கே தெரியாதுன்னு. எனக்கு நல்லது வந்து இவளுக்கு மாவு வந்துச்சுன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இவ முன்னால நிக்கிறது? அதான் கலந்துட்டோம். பாதிப் பாதி. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல."

"இந்த ஒரு விஷயத்துலதான் அக்கா எனக்கு ஓரவஞ்சனை பண்ணல" என்று சின்னவள் பக்கவாட்டில் ஒரு இடி இடித்தாள்.

ரத்தக்காரி அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "வேற யாராவது இப்படி...?"

"கீழ்வீட்டு அம்மாவும் மகளும் கலக்குறாங்க. எதிர்வீட்டுக்காரி அவகூட தறியில நிக்கிறவளோட கலக்குறா. எல்லாரும்தான். ஒருத்தி மட்டும் நல்லது திங்கறது நல்லாவா இருக்கு?"

நாணயமாம் நாணயம்! சமமாகப் பங்கு போட்டுத் திருப்பிப் பாட்டிலில் அடைத்ததால்தான் எண்ணிக்கை பிசகவில்லை. பாட்டிலை எண்ணி எண்ணிப் பூரித்துப்போனவள், எந்த மாத்திரை எந்த வாய்க்குள் போகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களால என் மூணு வருஷ உழைப்பும் பாழாப்போச்சு! உங்களை யாரு பங்கு போடச் சொன்னது?"

பெரியவளின் முகம் சுருங்கிப்போனது. "நல்லது செஞ்சதுக்கு வீடேறி வந்து திட்டுறியா? போ, போ. இனிமே உன் ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்." கதவு படாரென்று சாத்தப்பட்டது.

ரத்தக்காரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நன்றாகவே அழுதாள். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. எல்லோரும் கலந்து தின்றிருக்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் பாதி நிஜ மாத்திரை போயிருக்கிறது. அதனால்தான் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அப்படியானால் மாத்திரை வேலை செய்கிறது! செய்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, செய்யலாம். ஆனால் இப்போது இருக்கிற ரத்தக் கணக்கை வைத்து அதை நிரூபிக்க ஆண்டவனாலும் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அவன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான்.

"இதை மேடம்கிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும். உதவித்தொகையும் கிடையாது. ரெண்டு வருஷமாவது இழுக்கும்."

"சொல்லலேன்னா?"

"பட்டம் வந்துடும். நல்ல மாத்திரை ஒண்ணு குப்பைக்குப் போகும். அந்தப் பொம்பளைங்க காலம் பூரா மூச்சு வாங்கிக்கிட்டே மாடி ஏறுவாங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே. பட்டத்தைச் சுவத்துல மாட்டிட்டு தினமும் அதைப் பாத்து நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அந்த இம்சை என்னால தாங்க முடியாது. போய்ச் சொல்லிடு தாயே. வீட்டை நான் ஓட்டிக்கிறேன்."

மறுநாள் சொன்னாள். பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "நாணயமானவங்கன்னு பீத்திக்கிட்டியே!" என்றாள். புள்ளிக்காரர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து ரத்தக்காரி தன் யோசனையை வைத்தாள்.

"ஆளுக்கு ஆள் குலுக்கினதுதான் மேடம் தப்பு. ஒரே வீட்டுல ஒருத்திக்கு நிஜம், ஒருத்திக்கு மாவுன்னா அவங்க கலக்கத்தான் செய்வாங்க. தெருவைக் குலுக்கலாம். ஒரு தெரு பூராவும் ஒரே மாத்திரை. உள்ளுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் பங்கு போட்டுக்கட்டும்."

"தெருவுக்குத் தெரு கலந்தா?" என்றார் புள்ளிக்காரர்.

"கலக்க மாட்டாங்க சார். தண்ணி விடுற விஷயத்துல தெருவுக்குத் தெரு ஜென்மப் பகை."

"அப்ப இன்னும் நிறைய தெரு வேணும்" என்று அவர் பென்சிலை எடுத்துவிட்டார். பேராசிரியை பெருமூச்சு விட்டாள். "நெறிமுறைக் குழுகிட்ட நான் பேசுறேன். ஆனா உனக்குக் குடுக்க எங்கிட்ட எதுவும் இல்லம்மா" என்றாள். அது ரத்தக்காரிக்குத் தெரிந்ததுதான்.

கஷ்டமான வேலை இனிமேல்தான் இருந்தது. மூடிய கதவை மறுபடியும் தட்ட வேண்டும். பெரியவள் கதவைத் திறந்தாள், வழி விடவில்லை.

"அன்னைக்குக் கத்தினது என் தப்புக்கா. மன்னிச்சுடுங்க. நீங்க செஞ்சது தப்பே இல்ல. உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்காமத் திட்டம் போட்ட நான்தான் மடச்சி."

"அது சரி" என்றாள் பெரியவள். உள்ளிருந்து, "உள்ள விடுங்கக்கா, பாவம், வெயில்ல வந்திருக்கா" என்றாள் சின்னவள்.

உட்கார்ந்து புதுத் திட்டத்தை விளக்கினாள். உங்கள் தெருவுக்கே மாவு வந்தாலும் வரலாம், சம்மதமில்லையென்றால் சேர வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பெரியவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"தெருவுக்கே மாவுன்னா பரவால்ல. எல்லாரும் ஒண்ணாத்தானே ஏமாறுறோம்! ஆனா எதிர்த் தெருக்காரிக்கும் நமக்கும் பங்கு கிடையாது. அவளுங்களுக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்."

"குடுத்துடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ரத்தக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பழைய மாத்திரையின் சுவடு ரத்தத்தை விட்டு நீங்கும் வரை காத்திருந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. பகலில் தெருத் தெருவாக அலைச்சல், சாயங்காலம் ஒரு செவிலியர் பள்ளியில் வகுப்பு. கணவனின் சமையல் தேறியது. அவள் இளைத்தாள். சில நாள் பேருந்திலேயே தூங்கி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவாள். எதற்கு இந்தத் தலைவலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் ஒரு வீட்டையும் விட்டுவிடவில்லை.

கடைசியாக மறுபடியும் புள்ளிக்காரரின் அறை. இந்த முறை கோடுகள் இரண்டும் பிரிந்து நின்றன. ஒரு கூட்டத்துத் தெருக்களில் ரத்தம் ஏறியிருந்தது, இன்னொரு கூட்டத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த மாத்திரை என்று எழுதி மூடி வைத்திருந்த உறையை அவர் அதற்குப் பிறகுதான் கிழித்தார். ஏறிய தெருக்களுக்குப் போனதுதான் நிஜ மாத்திரை. பேராசிரியை எழுந்து வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டடி!" என்று அத்தனை வருடத்தில் முதல் தடவையாக 'டி' போட்டாள். ரத்தக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உறையில் இருந்ததை முழுக்கப் படித்த பிறகு அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. தண்ணீர்த் தொட்டித் தெருவுக்கு மாவு.

நிஜ மாத்திரையின் முதல் பெட்டி மாவு தின்ற தெருக்களுக்குத்தான் போக வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் உத்தரவு. பெட்டியைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன, நமக்கு மாவா?"

"ஆமாக்கா. எதிர்த் தெருவுக்குத்தான் நிஜம், அங்க ரத்தம் ஏறியிருக்கு."

"இத்தனை மாசமுமா?" என்றாள் சின்னவள். கையில் வைத்திருந்த துணியை அப்படியே கீழே போட்டாள்.

பெரியவள் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தால், குரல் கம்மிப்போய்ப் பேசினாள். "அப்ப எதிர்த் தெருக்காரிங்களாலதான் எல்லாம் ஆச்சு. நாங்க சும்மா மாவைத் தின்னுட்டு உக்காந்திருந்தோம். எங்களால உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

ரத்தக்காரி பெட்டியை இறக்கி வைத்தாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவங்களுக்கு ரத்தம் ஏறிச்சு. அது மாத்திரையாலதான்னு நான் எப்படிச் சொல்றது? காய்கறி மலிஞ்சதால இருக்கலாம், ஆலையில நேரத்தைக் குறைச்சதால இருக்கலாம்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. நீங்களும் அதே கடை, அதே ஆலை, அதே தண்ணி. உங்களுக்கு ஏறல. உங்களைக் காட்டித்தான் நான் எல்லார் வாயையும் அடைச்சேன். நீங்க ஒழுங்கா மாவு தின்னலேன்னா அந்த மாத்திரை நல்லதுன்னு இந்த உலகத்துல யாருக்கும் தெரிஞ்சே இருக்காது."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சத்தியமா?"

"சத்தியமாக்கா."

பெரியவள் கையை ஊன்றி எழுந்தாள். மூச்சு வாங்க நடந்து வெளி வராந்தாவுக்குப் போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எதிர்த் தெரு மாடிகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கத்தினாள்.

"அடியேய்! உங்களுக்கெல்லாம் ரத்தம் ஏறினது எங்களாலதான்டி, தெரிஞ்சுக்கோங்க!"