மாமியார் மௌனம்

மூத்த ஓரகத்திக்குச் செடி நர்சரியில் வேலை. 'மாமியார் மௌனம்' என்ற ரக க்ளெமாட்டிஸ் பூங்கொடியை அவள்தான் எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெயருக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

குளிர் முடிந்ததும் வருடம் தவறாமல் கத்தரியோடு வந்து, கொடியை முழங்கால் உயரத்துக்கு அவளே வெட்டிவிடுவாள். நான்கு வருடமாக ஒரு மொட்டுகூட இல்லை.

"உன் கைராசி அப்படி," என்பாள்.

மாமியார் மௌனமாக இருப்பாரா? "இவ தொட்டது எது வெளங்கிச்சு? வயித்துலயும் ஒண்ணையும் காணோம்," என்பார்.

இந்த வருடம் ஓரகத்தி இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். வெட்ட ஆளில்லை. கொடி வேலியையே மூடிக்கொண்டு ஊதா நிறத்தில் பூத்துத் தள்ளியது.

கை நிறையப் பூவோடு அவளைப் பார்க்கப் போனேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"வெட்டாம விட்ட பழைய தண்டுலதான் பூக்கும்னு உனக்கு யாருடி சொன்னா?"

நான்கு வருடக் கத்தரிச் சத்தமும் ஒன்றாகக் காதில் விழுந்தது.

"யாரும் சொல்லலக்கா. நீங்க படுத்தீங்க, அது பூத்துச்சு."

பூக்களைத் தலையணை ஓரம் வைத்து, போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"எந்திரிச்சிடாதீங்க. அடுத்த வருஷமும் பூக்கணும்."