வெறுந்தேத்தண்ணி

மானிப்பாயில் திரைப்பட வட்டத்தார் எடுத்திருந்த மண்டபத்தில் படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது, சிவகௌரி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்தில், அமெரிக்க ஊரொன்றில் வெள்ளைக்காரக் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்த கறுப்பினப் பெண்ணை, அந்தக் குழந்தை நோயில் விழுந்த அன்று ஆசுபத்திரி வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். அவள் மழைக்குள் நின்றபோது தொடங்கிய அழுகை அது. பக்கத்தில் இருந்த சுபாஜினியின் கண்கள் உலர்ந்திருந்தன.

“உனக்கு அழுகை வரேல்லையோ?”

“எரிச்சல்தான் வந்தது” என்றாள் சுபாஜினி. ஸ்கூட்டியில் ஏறும்போது சாதாரணமாகக் கேட்டாள். “இண்டைக்கு உங்கடை வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டோ?”

இருவருக்கும் ஒரே மருந்துக்கடையில் வேலை. சுபாஜினி வீட்டில் சிவகௌரி எத்தனையோ தரம் கூழ் குடித்திருக்கிறாள். சுபாஜினி இவள் வீட்டுக்கு வந்ததில்லை. சாதியைச் சொல்லி வீட்டில் யாரும் தடுத்ததுமில்லை. தடுக்க வேண்டி வராதபடி சிவகௌரியே பார்த்துக்கொண்டாள்.

சிவகௌரி தலைக்கவசத்தின் வாரை மாட்டி, கழற்றி, மீண்டும் மாட்டினாள். “ஓம், வாவன்” என்றாள்.

நீர்வேலியில் சிவகௌரியின் வீட்டில் அம்மா கமலாவதி சிரித்த முகத்தோடு கதிரையைக் காட்டினாள். “இரு பிள்ளை. நீ எவடம்?”

சுபாஜினி தன் ஊரையும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையையும் சொன்னாள். அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே போனவள் மகளுக்குக் கோப்பையில் தேத்தண்ணியும், சுபாஜினிக்கு மூடி திறக்காத சோடாப் போத்தலும் கொண்டுவந்தாள்.

“வெயிலுக்கை வந்தனீ. பாலும் முடிஞ்சு போச்சு.”

“பால் இல்லாட்டிப் பரவாயில்லை, வெறுந்தேத்தண்ணி காணும், அம்மா” என்றாள் சுபாஜினி.

அம்மா திரும்பிப் போனாள். வெகுநேரமாகியும் வரவில்லை. சிவகௌரி எழுந்து குசினிக்குள் போனாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருக்க, அம்மா கோப்பைகளுக்கு முன்னால் வெறுமனே நின்றாள்.

“உன்ரை அப்பா அறிஞ்சால் என்னைத்தான் பேசுவார்” என்றாள் மெதுவாக.

சிவகௌரி கைக்கு எட்டிய கோப்பையை எடுத்தாள்.

“அதை எடாதை. அது நான் குடிக்கிறது.”

சிவகௌரி அதிலேயே வார்த்தாள். வெளியே கொண்டுபோய்ச் சுபாஜினியிடம் கொடுத்தாள்.

சுபாஜினி ஆறுதலாகக் குடித்தாள். மருந்துக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் முதலாளியின் மருமகனைப் பற்றிக் கதைத்தாள், சிரித்தாள். குடித்து முடித்ததும் கோப்பையோடு எழுந்து, முற்றத்துக் குழாயடிக்கு நடந்தாள்.

“வை பிள்ளை, நான் கழுவுவன்.”

அம்மா வாசற்படியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கை கோப்பையைக் கழுவி உள்ளே வைக்குமோ, வெளியே எறியுமோ என்று சிவகௌரிக்குத் தெரியவில்லை. சுபாஜினி திரும்பிப் பார்த்தாள். திறந்த குழாயிலிருந்து தண்ணீர் கோப்பையை நிறைத்து, அவள் விரல்களின் மேலால் வழிந்துகொண்டிருந்தது.