வல்லாரைக் கூட்டில் பொட்டுக்கடலை மாவு

1

செஞ்சித் தாலுகாவிலேயே மறதி என்பதை அறியாத ஒரே மூளை இனியனுடையது. மாத்திரை போடுவதும், படித்ததை வீட்டாரிடம் ஒப்பிப்பதும் பலவீனர்களின் வேலை. (இனியன் நான்தான். படர்க்கையில் எழுதினால் பழி குறையும்.)

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. வகுப்புத் தோழி கவிதா ஒரே தாளில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் படிப்பை நிறுத்துவதென்று வீட்டில் முடிவு. அவள் அம்மா மாரியம்மாள் ஞாபகசக்திக்கு வல்லாரை கேப்சூல் ஒரு டப்பா வாங்கி வைத்தாள்.

2

மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல—

வேண்டாம். சூரியனுக்கு இதில் பங்கில்லை.

“இன்னா போட்டிருக்கான்னு பாத்துட்டு நாளைக்குத் தரேன்” என்று சிங்கவரம் பஸ்ஸில் இனியன் கவிதாவிடமிருந்து டப்பாவை வாங்கிப் போனான். கூடுகளைத் திறந்து வல்லாரைப் பொடியைக் கொட்டினான். பொட்டுக்கடலை மாவை* அடைத்து, மறுநாள் திருப்பிக் கொடுத்தான். ஆராய்ச்சி என்று பெயர்.

*சட்னிக்கு வைத்திருந்தது.

அந்தத் தாள் இனியனுக்கும் பாக்கி. தேர்வில் ஏதோ ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றிய பத்தி. ஆண்டுகளை இனியன் பிசகாமல் எழுதினான். ‘ஏன் சரணடைந்தார்கள்?’ என்ற கேள்விக்கும் ஆண்டையே எழுதினான். கவிதா காரணம் எழுதினாள். தேறிவிட்டாள்.

3

“கவிதா, நீ தின்னதெல்லாம் பொட்டுக்கடல மாவு.”

“நான் எங்கடா தின்னேன்? அம்மாதான் போட்டுக்குது.”

“அது எதுக்கு?”

“தெனம் அதுக்குப் படிச்சுக் காட்டணும். ‘நேத்து வேற சொன்னியே, அந்த ராஜா ஏன் ஓடுனான்?’னு மடக்கும். நான் சொன்னது அதுக்கு மறந்துடக் கூடாதாம். உளறி வைக்காத! நல்லா வேல செய்யுதுன்னு இன்னொரு டப்பா வாங்கியிருக்குது.”

நாளெல்லாம் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) பறித்துவிட்டு வந்து, எழுத்தறியாத ஒருத்தி ஒரு பட்டப்படிப்பையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். மாவை விழுங்கிவிட்டு. நையாண்டிக்கு ஒரு வரி தேடினேன். கிடைக்கவில்லை. எழுந்து நிற்கத்தான் தோன்றியது.

4

முடிவு ஒன்று: இனியன் மாரியம்மாளிடம் உண்மையைச் சொல்கிறான்.

முடிவு இரண்டு: சொல்லாமல், புது டப்பாவை அப்படியே விட்டுவிட்டு—

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கதை புரிகிறதா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நைனா, இதக் கொஞ்சம் கேளு. எங்கனா புரியலன்னா நிறுத்து.”

இரண்டாம் பகுதியிலேயே நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணுக்குக் கடைசிப் பரிட்சைன்னு தெரிஞ்சும் ஏன்டா மாத்துன?”

டப்பாவை வாங்கிய தேதியைச் சொன்னேன். முதலிலிருந்து திரும்பப் படித்தேன், வாய்விட்டு.