ஒரட்டாங்கைத் துப்பாக்கி

பலூன் கடைக்காரன் துப்பாக்கியை வளைச்சுத்தான் வெச்சிருப்பான்னு ஊர்ல பாதிப்பேரு வாய்விட்டுச் சொல்லுவாங்க. மீதிப்பேரு மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க. நான் வளைச்சதில்ல. வளைக்கிறவங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும். பேரை எழுதுனா சண்டைக்கு வருவாங்க, அதனால உட்டர்றேன்.

என் பேரு கந்தப்பன். சிங்காநல்லூர்ல மில்லு வேலை போனதுக்கப்புறம் ரெண்டு ஏர்கன் வாங்கிப் பலூன் கடை போட்டேன். சூலூர்ல இருந்து வால்பாறை வரைக்கும் எங்க மாரியம்மன் கோயில்ல நோம்பி சாட்டித் தேரிழுத்தாலும் என் கடை அங்க இருக்கும். பலூன் ஊதிப் பலகையில கட்டுறது எம்பொண்டாட்டி ராசாத்தாள். துப்பாக்கியில ரவை போட்டுக் குடுக்கிறது நான்.

ஏர்கன்ல குறி பாக்கிறதுக்கு ரெண்டு சமாச்சாரம் இருக்குது. குழல் முனையில ஒரு சின்ன முளை. கண்ணுக்குக் கிட்டத்துல, நடுவுல பள்ளம் வெட்டுன ஒரு தகடு. பள்ளத்துக்கு நடுவுல முளை தெரியோணும், முளைக்கு மேல பலூன் உக்காரோணும். அவ்வளவுதான் வித்தை. பஸ்சு மேல ஏத்தி எறக்குனா அந்தத் தகடு அசைஞ்சு போகும். அதனால ஒவ்வொரு ஊர்லயும் கடை விரிச்ச உடனே நானே சுட்டுப் பாத்து, சின்னச் சுத்தியல்ல தகட்டை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டிக் குறியை நேராக்கிருவேன். அந்த வேலையில இன்னொருத்தனை நான் சேத்தினதே இல்ல. சேத்துனா அடுத்த நோம்பியில அவன் எனக்கு எதுத்தாப்புல கடை போடுவான்.

தொண்ணூத்தஞ்சுல சூலூருக்குப் பக்கத்துல ஒரு நோம்பி. கமிட்டித் தலைவர் கோபாலசாமி, தறிப்பட்டறை முதலாளி. பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்த மாதிரி பேசறவங்களைக் கண்டா நான் முதல்ல கல்லாப்பெட்டியைப் பூட்டிப்போடுவேன். சாயங்காலம் அவரு புதுச் சம்பந்தியைக் கூட்டிக்கிட்டு என் கடைக்கு வந்தாரு. சம்பந்தி திருப்பூர்க்காரரு, பனியன் கம்பெனி.

"சம்பந்தி, நான் சின்ன வயசுல கண்ணை மூடிக்கிட்டே சுடுவனுங்க," அப்படீன்னாரு கோபாலசாமி.

கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் சுட்டாரு. ஒண்ணும் படல. மறுபடி ரவை கேட்டாரு. மறுபடியும் படல. ஒவ்வொரு குண்டும் பலூனுக்கு இடது பக்கமாப் போயி, ரெண்டு பலூனுக்கு நடுவுல இருக்கிற பலகையில டொக்கு டொக்குன்னு விழுந்துச்சு.

"பலூனுக்கெல்லாம் ஆயுசு கெட்டிங்க," அப்படீன்னாரு சம்பந்தி. மரியாதையாச் சிரிச்சாரு. அந்த மரியாதைதான் இவரைக் கொன்னுபோட்டுச்சு.

கோபாலசாமி துப்பாக்கியை மேசையில வெச்சாரு. "ஏனுங்க கந்தப்பண்ணா, துப்பாக்கி வளைஞ்சிருக்குதுங்களே."

"துப்பாக்கி நேராத்தான் இருக்குதுங்க. பாக்கிற கண்ணுதான் எப்படியோ."

"கோயில் நோம்பியில ஏமாத்து யாவாரம் ஆகாதுங்க. வெளக்கு வெக்கிறதுக்குள்ள கடையைக் கட்டிருங்க. மத்த ஊரு கமிட்டிக்காரங்களும் நம்மளுக்கு வேண்டியவங்கதான். அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடறனுங்க."

குரல்கூட ஒசத்தல. எங்க ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போடறதை, ஊட்டுல வந்து ஒரு வாய் சாப்பிடுங்கன்னு கூப்பிடற மாதிரி சொன்னாரு. என் எடம் தேரு நிக்கிற தேர்முட்டிக்கு எதுத்தாப்புல, நல்ல எடம். இந்தாளு மச்சான் ஒருத்தன் ஐஸ் கடைக்கு எடம் தேடிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியும். வேணும்னேதான் தப்பாச் சுட்டாருன்னு நான் முடிவே பண்ணிப்போட்டேன்.

"நிக்கச் சொல்லுங்க எல்லாத்தையும்," அப்படீன்னேன். "நான் சுடறேன், பாருங்க."

சுட்டேன். மேல் வரிசை பூராவும் வெடிச்சு ரப்பரு தொங்குச்சு. கூட்டம் கை தட்டுச்சு.

"அவருக்குச் சூட்சுமம் தெரியும்," அப்படீன்னான் கூட்டத்துல ஒருத்தன். "எங்க வளைச்சிருக்குதுன்னு வளைச்சவனுக்குத் தெரியாதா?"

அப்பத்தான் வளையல் கடைக்குப் பக்கத்துல இருந்து மெஹராஜ் வந்துச்சு. கடைவீதியில ஜாக்கெட் தைக்கிற பொம்பளை. போன வருசம் வந்து என் பலூனை எல்லாம் வரிசையா வெடிச்சுப்போட்டுது. மோதரத்துல காந்தம் வெச்சிருக்குதோன்னு சந்தேகப்பட்டு, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லியிருந்தேன். பலூனுக்குக் காந்தம் என்ன பண்ணும்னு ராசாத்தாள் கேட்டா. எனக்கும் தெரியாது. ஆனாச் சந்தேகம் சந்தேகந்தானே.

"அண்ணா, போன வருசம் தொரத்துனீங்க. இப்ப நான் உங்களுக்குச் சாட்சி சொல்லட்டுமா?" அப்படீன்னுச்சு.

"மோதரத்தைக் கழட்டி வெச்சுப்போட்டு சுடு."

"கழட்டுனா வெரலும் சேந்து வரும். பரவால்லையா?"

கூட்டம் சிரிச்சுது. மெஹராஜ் முந்தானையைச் சொருகிக்கிட்டு, துப்பாக்கியைத் தோள்ல வெச்சு, ரெண்டாவது வரிசையை முடிச்சுது. ஒண்ணுகூடத் தப்பல.

"பாத்தீங்ளா?" அப்படீன்னேன். "ஜாக்கெட் தைக்கிற அம்மணிக்குப் படுது. தறிப்பட்டறை முதலாளிக்குப் படல. துப்பாக்கியா வளைஞ்சிருக்குது?"

கோபாலசாமிக்கு மூஞ்சி செவந்து போச்சு. சம்பந்தி வேற பொரி வாங்கித் தின்னுக்கிட்டு, நாடகம் பாக்கிற மாதிரி உக்காந்துட்டாரு. கோபாலசாமி துப்பாக்கியைப் புடுங்கினாரு. எங்க ரெண்டு பேரையும் கிண்டல் பண்றதுக்குன்னே, பொம்பளை மாதிரி இடுப்பை ஒடிச்சு நின்னு, மெஹராஜ் புடிச்ச மாதிரியே துப்பாக்கியை இடது தோள்ல தூக்கி வெச்சாரு.

"இப்படிக் கோணிக்கிட்டு நின்னாச் சுட்டுருமாக்கும்," அப்படீன்னு விசையை இழுத்தாரு.

பலூன் வெடிச்சுது.

அவரே திடுக்குன்னு பின்னால நகந்துட்டாரு. இன்னொரு ரவை போட்டேன். அதே மாதிரி நின்னாரு. அதுவும் வெடிச்சுது.

"சம்பந்தி, ஒரட்டாங்கையிலயும் சுடுவீங்களா?" அப்படீன்னாரு திருப்பூர்க்காரரு.

"பழகி வெச்சதுதானுங்க," அப்படீன்னாரு கோபாலசாமி. மனுசனுக்குப் பொய் எவ்வளவு வேகமா வருது பாருங்க.

எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. நான் பொறந்ததுல இருந்தே ஒரட்டாங்கைக்காரன், எல்லாத்துக்கும் இடது கைதான். சோத்தை மட்டும் எங்கம்மா அகப்பையில அடிச்சுச் சோத்தாங்கையில திங்கப் பழக்குனா. துப்பாக்கிக்கு அடிக்க ஆளில்ல, அது இடது தோள்லயே நின்னுபோச்சு. மெஹராஜும் அந்தக் கைதான். கத்திரிகூட அந்தக் கையிலதான் புடிக்கும்.

"ஏ புள்ள, நீ சுடு," அப்படீன்னு ராசாத்தாகிட்டக் குடுத்தேன்.

"நானுங்களா? ஊதி ஊதித் தலை கிறுகிறுங்குது."

"சுடுன்னா சுடு."

சோத்தாங்கைத் தோள்ல வெச்சுச் சுட்டா. இடது பக்கம் டொக்கு. இன்னொண்ணு. அதே எடத்துல டொக்கு. பலகையைக் கிட்டப் போயிப் பாத்தேன். பலூனுக்கு இடது பக்கம் பூராவும் அம்மை போட்ட மாதிரி குழி. வலது பக்கம் வழவழன்னு புதுசா இருந்துச்சு.

சமாச்சாரம் இதுதான். துப்பாக்கிக் கட்டையில நான் கன்னம் வெக்கிறது வலது பக்கம். மத்தவங்க வெக்கிறது இடது பக்கம். கட்டை தடியாக இருக்கிறதால யாரு கண்ணும் பள்ளத்துக்கு நேர் நடுவுக்கு வராது. என் கண்ணு வலது ஓரத்துல இருந்து பாக்கும், அவங்க கண்ணு இடது ஓரத்துல இருந்து பாக்கும். முளை எனக்குப் பள்ளத்துல ஒரு பக்கம் ஒதுங்கித் தெரியும், அவங்களுக்கு மறுபக்கம் ஒதுங்கித் தெரியும். நான் என் கண்ணுக்குச் சரியாகிற வரைக்கும் தகட்டைத் தட்டி வெச்சிருக்கேன். என் கண்ணுக்குச் சரியாகச் சரியாக ஊரு கண்ணுக்கு இன்னும் தள்ளிப் போயிருக்குது. வேற ஒரு ஆளை ஒரு தடவை சுடச் சொல்லிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். யாரை நம்பிக் குடுக்கிறது?

"அப்ப வளைஞ்சுதான் இருக்குது," அப்படீன்னாரு கோபாலசாமி. குரல்ல சந்தோசம்.

"சோத்தாங்கைக்கு வளைஞ்சிருக்குது. ஒரட்டாங்கைக்கு நேரா இருக்குது."

"ஊர்ல எத்தனை பேருங்க ஒரட்டாங்கை?"

வெளிச்சம் மங்கிக்கிட்டிருந்துச்சு. கடையைக் கட்டாம இருக்கோணும்னா, சோத்தாங்கைக்காரன் ஒருத்தனைச் சுட வெச்சு, அவன் கண்ணுக்குத் தகட்டைத் தட்டோணும். ராசாத்தாளுக்கு வெடிச்ச வரிசைக்கெல்லாம் பலூன் ஊதிக் கட்டற வேலை கெடக்குது. தலைவரு நிக்கறப்ப கூட்டத்துல வேற எவனும் துப்பாக்கியைத் தொட மாட்டான். அங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்ன சோத்தாங்கைக்காரரு ஒருத்தருதான். உலகத்துல யாரை நான் நம்பவே மாட்டனோ அந்த ஆளு.

"தலைவரே, நீங்க சுடுங்க. நான் தட்டறேன்," அப்படீன்னேன். "வேணும்னு கோணலாச் சுட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

"எப்படிங்க தெரியும்?"

"உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பேன்."

"அப்பத் தகட்டை யாரு பாக்கிறது?" அப்படீன்னுச்சு மெஹராஜ்.

பலகையில பழைய பேப்பர் ஒண்ணு ஒட்டி, நடுவுல ராசாத்தாள் குங்குமத்துல ஒரு பொட்டு வெச்சா. கோபாலசாமி சுட்டாரு, நான் தட்டுனேன். குண்டு பொட்டுப் பக்கமா நகந்து நகந்து வந்துச்சு. ஒரு தட்டு அதிகமாகி வலது பக்கம் போச்சு. அதுக்கு அவரு என்னைத் திட்டுனாரு, நானும் திட்டுனேன். கடைசியாப் பொட்டு மேலயே ஓட்டை விழுந்துச்சு. மனுசன் சின்னப்பையன் மாதிரி சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

"சம்பந்தி, இப்பப் பாருங்க," அப்படீன்னு துப்பாக்கியைச் சோத்தாங்கைத் தோள்ல வெச்சு மூணாவது வரிசையை முடிச்சாரு. திருப்பூர்க்காரரு எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு. இந்தத் தடவை அது மரியாதைக்குத் தட்டினது இல்ல.

ரெண்டாவது துப்பாக்கியை ஒரட்டாங்கைக்கே உட்டுட்டேன். கட்டையில செவப்புத் துணி சுத்தி வெச்சேன். அது மெஹராஜுக்கும் எனக்கும்.

"கந்தப்பண்ணா, கடையைக் கட்ட வேண்டாமுங்க," அப்படீன்னாரு கோபாலசாமி. "அடுத்த வருசமும் இதே எடந்தானுங்க உங்களுக்கு. என் வார்த்தைங்க."

"வார்த்தை இருக்கட்டுங்க. அதை மைக்குல சொல்லிருங்க."

"என்னை நம்ப மாட்டீங்களா?"

"ஊரே கேட்டா எனக்குத் தூக்கம் வருமுங்க."

தலைய ஆட்டிக்கிட்டே மைக்கு செட்டுக்காரன்கிட்டப் போனாரு. தேர்முட்டியில கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்ல அவரு குரல் வந்துச்சு. பலூன் கடைத் துப்பாக்கி கமிட்டி சோதிச்ச துப்பாக்கி, அடுத்த வருசமும் கடை அதே எடத்துலன்னு சொல்ல வந்தாரு. பாதியில கரண்டு போயி 'அடுத்த வருசமும்'கறதோட நின்னுபோச்சு.

நான் நேராப் போயி மைக்குக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டேன். கரண்டு வந்த உடனே முதல்ல இருந்து மறுபடி சொல்ல வெச்சுப்போட்டுத்தான் திரும்பி வந்தேன். அதுக்குள்ள கடை முன்னால சோத்தாங்கைக்காரங்க வரிசை பொரிக்கடை வரைக்கும் நின்னுச்சு. ஒருத்தன் உடாமச் சுட்டு வெடிச்சுக்கிட்டிருந்தான். ராசாத்தாள் கன்னம் ரெண்டும் உப்பிப்போயி, பேச முடியாம, ஒரு பலூனை என் வாயில சொருகிப்போட்டு ஊதுங்கன்னு கையைக் காட்டுனா.