துவாலைச் சூடு

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. முதுகில் ஒட்டிய வலிமருந்தின்மேல் சூடு வைக்கக் கூடாது என்று, சொல்லக் கடமைப்பட்ட எவரும் அந்த வீட்டில் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆதலால் தம்பி, மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு மாடியிலிருந்து தங்கள் இஸ்திரிக் கடைக்கு இறங்கிவந்து, தடித்த துவாலையொன்றை நான்காக மடித்து, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தான்.

துவாலையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தான். பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு, கம்பளிக்கு எவ்வளவு என்பதில் ஒருபோதும் தவறாத கை அது. துணிக்குத் தவறவும் வழியில்லை. இத்தனை சூடுதான் தாங்கும் என்று சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் ஒரு துண்டு நாடாவிலேயே குறித்துத் தைத்து அனுப்பிவிடுகிறார்கள். அண்ணனின் முதுகில் ஒட்டக் கொடுத்த மருந்துக்கோ, பெட்டிக்குள் எறும்பெழுத்தில், அவ்வீட்டார் எவரும் படிக்க அறியாத மொழியில், ஒரு தாள் இருந்தது. மருத்துவர், "மூணு நாளைக்கு ஒண்ணு ஒட்டுங்க, வலி தெரியாது" என்றார். மருந்துக்கடைக்காரர் அதையும் சுருக்கி, "மூணு நாள்" என்றார்.

அண்ணனுக்கு நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. குணமாகாது என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் வலியைக் கட்டுப்படுத்திவிட்டால் இந்தக் கோடை முழுவதும் கடையில் உட்காரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகவே தம்பி மேசைக்கு அருகில் சாய்மானம் உள்ள நாற்காலியொன்றை வாங்கிப் போட்டிருந்தான். மருந்தை அவர்கள் பிளாஸ்டர் என்றே அழைத்தார்கள். சுளுக்குக்கு ஒட்டுவதைப் போல, வலிக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து அங்கேயே ஒட்டினார்கள். அதன்மேல் துவாலைச் சூடு வைத்தால் இன்னும் இதமாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அண்ணன்தான். இஸ்திரிக் கடைக்காரர் வீட்டில் சூட்டுக்கா பஞ்சம்?

துவாலையைக் கைகளில் மாற்றி மாற்றி ஏந்தியபடி தம்பி மாடியேறினான்.

"வாப்பா, தொழிலதிபர்" என்றார் அண்ணன். நாக்கு சற்றுக் குழறியது. "வக்கீல் பேன்ட்டுக்கு நீதானே இஸ்திரி போட்ட? ஒரு கால்ல ரெண்டு மடிப்பு. ரயில் தண்டவாளம் மாதிரி."

"படுத்த இடத்துலேர்ந்து உனக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

"ஜன்னல்ல பாத்தேன். அவரு நடந்து போறப்ப பின்னாலயே..."

பின்னாலேயே என்ன வந்தது என்பதை அண்ணன் சொல்லவில்லை. கண்கள் செருகிக்கொண்டன.

"காலையிலேர்ந்தே இப்படித்தான். வாயில வச்ச சோத்தோட தூங்கிட்டாரு" என்றாள் அண்ணி.

"தூங்கட்டும் அண்ணி. எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி!"

"எல்லாம் நீ வைக்கிற சூடு. உங்க அம்மா இருந்தாக்கூட இவரை இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க."

அவன் கூச்சத்துடன் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிளாஸ்டர் முழுவதும் மூடும்படி துவாலையைப் பரப்பினான். சற்று நேரத்தில் குறட்டை எழுந்தது. அண்ணி ஓடிப்போய் வானொலியை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். குறட்டை சிறிது தூரம் போய் நின்றது. நெடுநேரம் கழித்து, எங்கோ அறுபட்டாற்போல் மறுபடியும் தொடங்கியது.

"கடை ஷட்டர் மாதிரியே பாதியில சிக்குது பாருங்க" என்றான் தம்பி.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு எழுந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

துவாலை ஆறியதும் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் கீழே இறங்கினான். மேசையில் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மேலே குறட்டை நின்றது அவனுக்குக் கேட்டது. திரும்பிப் படுத்திருப்பார் என்று எண்ணினான். துவாலையைப் புரட்டிப்போட்டு, மறுபக்கத்தையும் பொறுமையாகத் தேய்த்தான்.

*

வீடு தேடி வரும் செவிலி அன்று மாலையில் வந்தாள். வாரம் ஒருமுறை வந்து நாடியையும் படுக்கைப் புண்ணையும் பார்த்துப் போகிறவள். இம்முறை பார்ப்பதற்கு நாடி இல்லை. அண்ணி அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாள். செவிலி அண்ணனின் இமைகளை நீக்கிப் பார்த்தாள். பிறகு முதுகைப் பார்த்தாள். பிளாஸ்டரைச் சுற்றித் தோல் துவாலை அளவுக்குச் சதுரமாகச் சிவந்திருந்தது.

"இன்னைக்கு ரொம்பத் தூக்கமா இருந்தாரா?"

"ஆமா சிஸ்டர். நல்லாத் தூங்குனாரு."

"குறட்டை? நடுவுல மூச்சு நின்னு நின்னு?"

அவன் தலையசைத்தான்.

"முதுகுக்கு ஒத்தடம் ஏதாவது குடுத்தீங்களா? வெந்நீர்ப் பை, அந்த மாதிரி?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"இது மேல சூடு படக் கூடாது. மூணு நாளைக்கு எறங்க வேண்டிய மருந்து மடமடன்னு உடம்புல ஏறிடும். மூச்சு அடங்கிடும். ஆஸ்பத்திரில சொல்லியிருப்பாங்களே."

தம்பியின் வலக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"ஒண்ணும் வைக்கல" என்றான்.

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள்; அதற்குமேல் கேட்கவில்லை. பிளாஸ்டரை மெல்ல உரித்து, பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, ஓர் உறைக்குள் போட்டாள். "மீதி இருக்குறத யாருக்கும் குடுத்துடாதீங்க. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

மறுநாள் காலை அண்ணனை எடுத்துக்கொண்டுபோய் எல்லாம் முடித்து வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அண்ணி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடைசி நாள்ல வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. கொழுந்தன் சூடு வச்சுக்கிட்டே இருந்தான். கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கணும்." வந்தவர்கள் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் சற்றுக் குனிந்தான். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று அப்போது முடிவு செய்திருந்தான். அண்ணிக்கு எஞ்சியிருந்தது அந்த ஓர் ஆறுதல்தான்; அதையும் பிடுங்கி யாருக்கு என்ன லாபம்?

கூட்டம் கலைந்தபின் அண்ணியின் அக்கா மட்டும் தங்கினாள். முழங்காலை நீவிக்கொண்டே நாற்காலியில் சரிந்தவள், "ஏண்டி, அவருக்கு ஒட்டுவியே, அந்தப் பிளாஸ்டர் மிச்சம் இருக்கா?" என்றாள்.

"பெட்டி அப்படியே இருக்கு அக்கா. உனக்கு எதுக்கு?"

"மாடிப்படி ஏறுனதுல முட்டி கழண்டு விழுந்துடும்போல இருக்கு. டாக்டர்கிட்ட போனா வயசைக் குறைச்சுக்கிட்டு வான்னு சொல்றான்."

அண்ணி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். "ஒட்டிட்டுச் சும்மா விடாத. தம்பி, கீழ போய் இஸ்திரிப் பெட்டியச் சூடு பண்ணு. அக்காவுக்கும் ஒரு துவாலை தேச்சுக் கொண்டுவாயேன்."

தம்பி நகரவில்லை.

"என்னடா நிக்கிற?"

"அது வேணாம் அண்ணி."

"ஏன், உன் காசா? ஒண்ணே ஒண்ணுதானே."

"அக்காவுக்கு அது ஒத்துக்காது. வேற ஒருத்தருக்கு எழுதுன மருந்து." அவன் தொண்டையைச் செருமினான். "அதோட, அது மேல சூடு வைக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா? அவருக்கு வச்சியே."

அலமாரிக் கதவைப் பிடித்திருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள்.

"சிஸ்டர் சொன்னாங்க" என்றான் தம்பி. "மருந்து மொத்தமும் உள்ள போயிடுமாம். மூச்சு நின்னுடுமாம். அந்தக் குறட்டை தூக்கம் இல்ல அண்ணி."

அண்ணியின் அக்கா முழங்காலை நீவுவதை நிறுத்திவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

அண்ணி அடிப்பாள், கத்துவாள், வீட்டைவிட்டுப் போ என்பாள் என்று தம்பி காத்திருந்தான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு மிகச் சாதாரணமாக, விட்டுப்போன வீட்டுவேலை ஒன்றை நினைவுபடுத்துகிறவளைப் போல, சொன்னாள்:

"நேத்துக் காலைல நீ கடை தொறக்கப் போனப்புறம், வெந்நீரைப் பையில ஊத்தி நானும் ஒரு தடவை வச்சேன்."

கீழே வாடிக்கையாளர் எவரோ ஷட்டரைத் தட்டி, துணி தயாரா என்று கேட்டார். மேலே இருந்த மூவரில் ஒருவரும் அசையவில்லை.

வாசகரே, வலிக்கென்று எழுதித்தரும் மருந்து உம் வீட்டுக்கும் வரக்கூடும். அதைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாதீர். சூடு படலாமா, வேறெந்த மாத்திரையோடு சேரக் கூடாது, தூக்கம் மிகுந்து மூச்சு இடைவிட்டால் யாரை அழைப்பது என்று மருத்துவரிடம் கேளும். தாளை நீட்டினால் வாங்கிக்கொண்டு, உமக்குப் புரியும் மொழியில் வாயைத் திறந்து சொல்லச் சொல்லும். உமக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழாதீர்.