முன்னால் நுழையும் ஐந்து பசுக்கள்

ஹாரிஹாரி என்ற ஊரில் நோலீன் கேலகரின் மந்தையில் ஐந்து பசுக்களுக்கு, வாலடியில் சோதனை ஊசி போட்ட இடம் மூன்றாம் நாள் வீங்கியிருந்தது. காசநோய். ஐந்தும் இறைச்சிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். சோதனைக்கு வந்த ட்ரெவர் மாடுகளின் காதுவில்லை எண்களை வாசிக்க வாசிக்க நோலீன் எழுதிக்கொண்டாள். எழுதும்போதே ஒன்று உறைத்தது. ஐந்துமே மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டுக் கறவைக் கொட்டகைக்குள் முதலில் நுழைகிற ராங்கிக்காரிகள்.

"நோய்க்கு வரிசையெல்லாம் தெரியுமா என்ன? அதுவும் பால் கறக்க வந்து நிக்குதா?" என்றான் ட்ரெவர்.

நோலீனுக்கு மனம் ஆறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே புல், ஒரே தண்ணீர். மூச்சுக்காற்றில் பரவியதென்றால் கடைசியில் நெருக்கியடித்து நிற்கிற சாதுக்களுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலியோரம் வருவதே இல்லை. மறுபக்கம் வெறும் காடு. காட்டு மரங்களில் இருக்கும் பூனையளவு போஸம்களுக்குக் காசநோய் உண்டென்று ஊருக்கே தெரியும். ஆனால் அவை இருட்டில் இறங்கும், மாட்டைக் கண்டால் ஓடிவிடும்.

மூன்று வாரம் கழித்து நட்டநடுப் பகலில் வேலிக்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, காட்டிலிருந்து ஒரு போஸம் தள்ளாடியபடி வந்தது. நாலடி நடந்தது, விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. பெரியவை மற்றவற்றை முட்டித் தள்ளி முதலில் போய்ச் சுற்றி நின்று மோந்தன. எளியவை பின்னால் இடம் கிடைக்காமல் நின்றன. கறுப்புப் பசு ஒன்று அப்போதுதான் பிறந்த கன்றை நக்குவதுபோல அதை ஆற அமர நக்கியது.

விரட்ட வேண்டும் என்ற நினைப்பே நோலீனுக்குத் தாமதமாகத்தான் வந்தது. விரட்டிவிட்டு அவளும் மண்டியிட்டுக் குனிந்தாள். அதன் அக்குளில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது செத்தது. வெறுங்கையாலேயே சாக்கில் போட்டு ட்ரெவரிடம் கொண்டுபோனாள்.

அவள் சொன்னதைக் கேட்டு ட்ரெவர் கேலி பேசவில்லை. கையைக் கழுவினாயா என்று முதலில் கேட்டான்.

"எட்டி நின்னு பாத்திருக்கலாம்ல?"

"மாடுங்களாலயே முடியல ட்ரெவர். என்னால எப்படி முடியும்?"

ஆய்வுக்கூடம் காசநோய்தான் என்றது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காட்டோரம் பொறி வைத்தார்கள், வேலியை உள்ளே தள்ளிப் போட்டார்கள். அடுத்த சோதனையில் கறுப்புப் பசுவுக்கு வீங்கியது, அதுவும் போயிற்று. அதற்கடுத்த இரண்டு சோதனைகளிலும் மந்தை சுத்தம்.

ட்ரெவரின் நச்சரிப்பு தாங்காமல் நோலீனும் மருத்துவமனைக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்காமல், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நோய் இருந்திருந்தால் எந்த இடத்தில் தெரியும் என்று கேட்டாள்.